நாளைக் காலைக் காற்றை இன்று இரவே தெரிந்துகொள்ள முடியுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: அம்மாவுக்கு ஆஸ்துமா இருக்கிறது, தினமும் காலை 6 மணிக்கு நடக்கப் போகிறார். முந்தைய இரவு போனைப் பார்த்தால் ஒரு செயலி நாளைக்கு 100 என்கிறது, இன்னொன்று 154 என்கிறது, எதிர்வீட்டு மாடியில் மாட்டியிருக்கும் சின்னக் கருவி இப்போதே 200-ஐத் தாண்டிவிட்டது. மூன்றில் எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். மகனின் மாலைக் கால்பந்துப் பயிற்சி பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எண்களைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தால், நாளைக் காலை அம்மாவை வெளியே அனுப்பலாமா என்பதை இன்று இரவே எந்த அளவுக்கு உறுதியாகச் சொல்ல முடியும் என்பதுதான் உங்கள் கவலை. காற்றுத் தரத்தை அளக்கும் நிலையங்களைப் பராமரிப்பது, அந்த அளவுகளை வைத்து அடுத்த நாளுக்கான முன்னறிவிப்பு எழுதுவது என்று பதினான்கு ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன். நான் மருத்துவன் இல்லை. அதனால் மருந்து, இன்ஹேலர் பற்றிய எதையும் அம்மாவைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

முதலில் 100-க்கும் 154-க்கும் உள்ள சண்டையைத் தீர்த்துவிடலாம். பெரும்பாலும் அங்கே சண்டையே இல்லை. செயலிகள் காட்டுவது காற்றுத் தரக் குறியீடு. காற்றில் இருக்கும் மாசின் அளவை ஒரு அட்டவணை வழியாக மாற்றிக் கிடைக்கும் எண் அது. அந்த அட்டவணை நாட்டுக்கு நாடு வேறு. ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் பிஎம் 2.5 இருக்கிறது என்று வையுங்கள். பிஎம் 2.5 என்றால் 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவான விட்டமும் உள்ள நுண்துகள்கள், தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குக்கும் சிறியவை. இந்தியாவின் அட்டவணையில் இந்த 60 மைக்ரோகிராம் 100 ஆகும், பெயர் 'திருப்தி'. அமெரிக்க அட்டவணையில் அதே 60, 154 ஆகிவிடும், பெயர் 'ஆரோக்கியமற்றது'. பிரிட்டனின் குறியீடு 1 முதல் 10 வரைதான், அதில் இது 8, அதாவது 'அதிகம்'. ஒரே காற்றுக்கு மூன்று பெயர். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு நாள் சராசரிக்கு வைத்த வரம்பு 15 மைக்ரோகிராம். அதன்படி பார்த்தால் 60 என்பது நான்கு மடங்கு. அதனால் என் முதல் யோசனை: செயலியின் அமைப்புகளுக்குள் போய், குறியீட்டை விட்டுவிட்டு மைக்ரோகிராம் அளவைக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான செயலிகளில் அந்த வசதி இருக்கிறது. எண்களை ஒப்பிடுவதென்றால் அதை வைத்து மட்டும் ஒப்பிடுங்கள்.

அடுத்தது சராசரி. அம்மாவைப் பொறுத்தவரை இதுதான் முக்கியமானது, ஆனால் செயலிகள் இதைத்தான் கண்ணில் படாத மூலையில் வைத்திருக்கின்றன. நுண்துகளுக்கான குறியீடு அடிப்படையில் 24 மணிநேரச் சராசரிக்காக வகுக்கப்பட்டது. ஒரு நாளில் 8 மணிநேரம் 120 மைக்ரோகிராமும், மீதி 16 மணிநேரம் 30 மைக்ரோகிராமும் இருந்தால் சராசரி 60. அறிக்கையில் அந்த நாள் முழுவதற்கும் 'திருப்தி' என்று வரும். ஆனால் அந்த மோசமான 8 மணிநேரம் பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின் தொடங்கி காலை 8 அல்லது 9 மணி வரை நீளும். அதாவது அம்மா செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் காற்று 120-இல் இருக்கும், அவர் மதியம் தூங்கும்போது 30-க்கு வந்திருக்கும். அமெரிக்க முறையில் 'நவ்காஸ்ட்' என்று ஒரு கணக்கு உண்டு. கடைசி 12 மணிநேர அளவுகளை எடுத்து, சமீபத்திய மணிகளுக்குக் கூடுதல் எடை கொடுப்பது. காற்று வேகமாக மாறும் நாளில் அது கிட்டத்தட்ட கடைசி இரண்டு மூன்று மணிநேரத்தைத்தான் பிரதிபலிக்கும். ஆகவே எந்த எண்ணைப் பார்த்தாலும், இது எத்தனை மணிநேரச் சராசரி என்று கேட்டுவிட்டு நம்புங்கள். மணிவாரி வரைபடம் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை.

எதிர்வீட்டு மாடிக் கருவிக்கு வருவோம். அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அந்த மாதிரிக் கருவிக்குள் ஒரு சின்ன விசிறி காற்றை இழுக்கும், லேசர் ஒளி அதன் குறுக்கே போகும், துகள்கள் சிதறடிக்கும் ஒளியை ஒரு உணரி எண்ணும். சிக்கல் ஈரப்பதத்தில் இருக்கிறது. காற்றில் ஈரம் ஏறும்போது துகள்கள் தண்ணீரை உறிஞ்சி உப்பும், உப்பிய துகள் அதிக ஒளியைச் சிதறடிக்கும், கருவி அதைக் கூடுதல் மாசு என்று நினைத்துக்கொள்ளும். மூடுபனிக் காலையில் இது உண்மை அளவைப் போல இரண்டு மடங்கு காட்டுவதை நானே பலமுறை பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய கருவிகளில் ஒரு வகைக்கு வகுத்த திருத்தச் சமன்பாட்டில், கருவி காட்டும் எண்ணை 0.524-ஆல் பெருக்குகிறார்கள், அப்புறம் ஈரப்பதத்துக்காக இன்னும் கொஞ்சம் கழிக்கிறார்கள். கிட்டத்தட்டப் பாதியாகக் குறைக்கிறார்கள் என்று சொல்லலாம். எல்லாக் கருவிக்கும் எல்லா ஊருக்கும் இதே எண் பொருந்தாது, ஆனால் திசை பொருந்தும். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. புழுதிக்காற்று அடித்து வானம் பழுப்பாகும் நாளில், பெரிய தூசித் துகள்களை இவை சரியாக எண்ணுவதில்லை. அன்று கருவி குறைவாகக் காட்டினால் கண்ணை நம்புங்கள். இன்னொன்று, கருவி எங்கே மாட்டியிருக்கிறது என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள். சமையலறை எக்ஸாஸ்ட் விசிறிக்கு எதிரே மாட்டிய ஒரு கருவி, தினமும் இரவு 8 மணிக்கு ஊரையே அபாயத்தில் காட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வாரம் ஆனது.

அரசு நிலையங்களில் இருப்பது வேறு வகை. பீட்டா கதிர் முறை என்பார்கள். உள்ளே ஒரு கண்ணாடி இழை நாடா, ஒலிநாடா மாதிரிச் சுருளாக இருக்கும். காற்றைச் சூடாக்கி ஈரத்தைக் குறைத்து, ஒரு மணிநேரம் அந்த நாடாவின் ஒரே புள்ளியில் உறிஞ்சுவார்கள். படிந்த துகள் எவ்வளவு பீட்டா கதிரைத் தடுக்கிறது என்பதிலிருந்து எடை கிடைக்கும். மணி அடித்தாற்போல நாடா கொஞ்சம் நகரும், அடுத்த புள்ளி தொடங்கும். பயன்படுத்தி முடித்த நாடாவை எடுத்துப் பிரித்துப் பார்ப்பது எனக்கு ஒரு வழக்கம். சுண்டுவிரல் நகம் அளவுக்கு வட்ட வட்டமாகப் புள்ளிகள் இருக்கும், ஒரு மணிக்கு ஒரு புள்ளி. குளிர்கால நாடாவில் மதியம் 2, 3 மணிப் புள்ளிகள் வெளிறிய சாம்பல் நிறத்தில், இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கும். இரவு ஏற ஏறக் கறுக்கும். விடியற்காலைப் புள்ளி விளக்குக் கரி பூசியது போல இருக்கும். பிறகு 9, 10 மணியிலிருந்து மறுபடி வெளுக்கும். எத்தனை வரைபடம் காட்டினாலும் புரியாதவர்களுக்கு அந்த நாடாவில் ஒரு நாளின் 24 புள்ளிகளை நீட்டிக் காட்டினால் உடனே புரிந்துவிடும். உங்கள் கேள்விக்கு விடையும் அந்த நாடாவில்தான் இருக்கிறது.

ஏன் விடியற்காலையில் அவ்வளவு கறுப்பு? அந்த நேரத்தில் புகை அதிகம் கிளம்புவதால் என்று பலர் நினைக்கிறார்கள். புகை கிளம்பும் அளவைவிட, அது கலக்கக் கிடைக்கும் இடம்தான் பெரிதாக மாறுகிறது. பகலில் வெயில் தரையைச் சூடாக்கும், சூடான காற்று மேலே எழும்பும், கீழே உள்ள மாசு ஒன்று, இரண்டு கிலோமீட்டர் உயரம் வரை கலந்து மெலிந்துவிடும். சூரியன் மறைந்ததும் தரை குளிர்கிறது, தரையை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. மேலே சற்று வெதுவெதுப்பான காற்று, கீழே குளிர்ந்த கனமான காற்று. இதைத்தான் வெப்பத் தலைகீழ் நிலை என்கிறோம். மேலே மூடி போட்டதுபோல் ஆகிவிடும். மேகமில்லாத, காற்று அசையாத இரவில் இந்த மூடி நூறு, இருநூறு மீட்டர் உயரத்திலேயே நின்றுவிடும். பத்து மடங்கு சின்ன அறைக்குள் அதே புகையை விட்டால் என்ன ஆகும், அதுதான் ஆகிறது. லண்டனில் 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை நடந்ததும் இதுதான். நிலக்கரிப் புகை அங்கே அன்றாடம் இருந்தது. அந்த ஐந்து நாள் மட்டும் மூடி திறக்கவில்லை, காற்றும் வீசவில்லை. உடனடியாக ஏற்பட்ட மரணங்கள் சுமார் 4,000 என்று அப்போது கணக்கிட்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் அதை 12,000 வரை கொண்டுபோயின.

இதைத் தெரிந்துகொண்டால் முன்னறிவிப்பின் பலமும் பலவீனமும் தானாகப் பிடிபடும். முன்னறிவிப்பு மாதிரிகள், அதாவது நாளைய காற்றைக் கணிக்கும் கணினிக் கணக்குகள், மூன்று விஷயங்களைச் சேர்க்கின்றன: எங்கே எவ்வளவு புகை கிளம்புகிறது என்ற பட்டியல், வானிலை, காற்றில் நடக்கும் வேதி மாற்றங்கள். ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் வளிமண்டலக் கண்காணிப்புச் சேவை உலகம் முழுவதற்கும் ஐந்து நாள் முன்னறிவிப்பு தருகிறது, பல செயலிகளில் நீங்கள் பார்ப்பது அதுதான். அதன் உலகளாவிய கணிப்பில் ஒரு கட்டம் சுமார் 40 கிலோமீட்டர் அகலம். ஐரோப்பாவுக்கு மட்டும் சுமார் 10 கிலோமீட்டர். அதாவது 40 கிலோமீட்டர் கட்டத்துக்குள் இருக்கும் நெடுஞ்சாலை, ஏரிக்கரை, தொழிற்பேட்டை, உங்கள் தெரு எல்லாவற்றுக்கும் ஒரே எண். உங்கள் தெருவின் எண் அதிலிருந்து வராது. அந்தப் பகுதி முழுவதும் நாளைக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் வரும்.

நான் நம்பும் வரிசையைச் சொல்கிறேன். நாளை இன்றைவிட மோசமாகுமா, தேவலையாகுமா என்ற திசையை 24 மணிநேர முன்னறிவிப்பில் ஓரளவு தைரியமாக நம்பலாம். எந்த நேரத்தில் ஏறும், எப்போது இறங்கும் என்ற வடிவத்தையும் நம்பலாம், அது பெரும்பாலும் வெயிலும் காற்றும் போடும் கணக்கு. '142' என்பது போன்ற துல்லிய எண்ணை நம்பாதீர்கள், அதை 'இதற்கும் இதற்கும் இடையே' என்ற ஒரு பட்டையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாளுக்கு மேல் போனால் நான் எண்ணையே பார்ப்பதில்லை, வானிலை வரைபடத்தைத்தான் பார்ப்பேன். மாதிரிகளுக்கு இன்னொரு குணமும் உண்டு, மிக மோசமான உச்சங்களைக் குறைத்துச் சொல்லிவிடும். வயல்களில் திடீரென்று வைக்கும் தீ, குப்பைமேட்டில் பற்றிய நெருப்பு, பட்டாசு வெடிக்கும் இரவு, இவையெல்லாம் அந்தப் புகைப் பட்டியலில் முன்கூட்டியே இருக்காது. செயற்கைக்கோள்கள் தீயைப் பார்க்கும், ஆனால் பற்றிய பிறகுதான் பார்க்க முடியும். மேலிருந்து பார்க்கும்போது தரையிலிருந்து வானம் வரை உள்ள மொத்தத் தூசியும் தெரியும். அதில் மூக்கு உயரத்தில் எவ்வளவு என்பது தனிக் கணக்கு.

வானிலை ஏமாற்றும் விதத்துக்கு ஒரு உதாரணம். ஒரு குளிர்கால இரவில், நள்ளிரவுக்கு மேல் காற்று எழும்பும், காலைக்குள் மாசு கலைந்துவிடும் என்று எல்லா மாதிரிகளும் சொல்லின. நானும் 'காலையில் மிதமான நிலை' என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனேன். காற்று வந்தது, ஆனால் ஆறு மணிநேரம் தாமதமாக. காலை 7 மணிக்கு நிலையத்துக்குப் போனபோது தொலைவில் இருந்த தண்ணீர்த் தொட்டி கண்ணுக்கே தெரியவில்லை. 24 மணிநேரச் சராசரியில் அந்தத் தவறு பெரிதாகத் தெரியவில்லை, அறிக்கையில் என் முன்னறிவிப்பு 'சரி' என்றுதான் பதிவானது. ஆனால் அன்று காலை நடக்கப் போனவர்களுக்கு அது முழுத் தவறு. அன்றிலிருந்து காற்று திரும்பும் நேரத்தை நம்பியிருக்கும் எந்த முன்னறிவிப்பிலும், மூன்று நான்கு மணிநேரம் முன்னே பின்னே ஆகலாம் என்று வெளிப்படையாக எழுதி வருகிறேன்.

சரி, உங்கள் இரவு வேலைக்கு வருவோம். படுக்கும் முன் வானிலைச் செயலியில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: நாளை அதிகாலையில் காற்றின் வேகம் என்ன, வானம் தெளிவா மேகமா. காற்று மணிக்கு 5 கிலோமீட்டருக்கும் கீழே, வானம் தெளிவு, குளிரும் இருக்கிறது என்றால், செயலி என்ன எண் சொன்னாலும் காலை 6 மணி நடை வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். இரவு முழுக்க நல்ல காற்று வீசும் என்றால் பெரும்பாலும் பயமில்லை, அது புழுதியையோ தீப்புகையையோ சுமந்து வராத திசையாக இருக்கும்வரை. மழையைப் பற்றிப் பலர் தப்பாக நினைக்கிறார்கள். பெரிய தூசியை மழை நன்றாகக் கழுவும். 0.1 முதல் 1 மைக்ரான் வரையான துகள்களோ துளியைச் சுற்றி வளைந்து ஓடும் காற்றோடு தப்பிவிடும். ஒரு தூறலுக்குப் பிறகு காற்று சுத்தமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். நீண்ட மழையும் அதோடு வரும் காற்று மாற்றமும்தான் வேலை செய்யும்.

காலையில் கிளம்பும் முன், பக்கத்து நிலையத்தின் கடைசி ஒரு மணிநேர அளவை மைக்ரோகிராமில் பாருங்கள். எதிர்வீட்டுக் கருவியையும் பாருங்கள், ஆனால் அதன் எண்ணைவிட அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைப் பாருங்கள், அதில் அது நன்றாகவே உதவும். இரண்டும் உயரத்தில் இருந்தால் நடையை நிறுத்த வேண்டாம், தள்ளிப் போடுங்கள். குளிர்காலத்தில் 10 மணிக்கு மேல் மூடி விலகத் தொடங்கும், மதியம் தாண்டி 3, 4 மணி வாக்கில் நுண்துகள் அநேகமாக அந்த நாளின் அடிமட்டத்தில் இருக்கும். விடியற்காலைக் காற்றுதான் சுத்தமானது என்று அம்மா சொல்வார், அவர் தலைமுறையில் எல்லோரும் சொல்வார்கள். வாகனம் குறைவு என்பது உண்மைதான். மூடி இறங்கியிருக்கும் இரவுக்குப் பின் அந்த உண்மை போதாது. தள்ளிப் போட முடியாத நாளில், பெரிய சாலையை விட்டு இரண்டு தெரு உள்ளே நடக்கச் சொல்லுங்கள். வாகனப் புகை சாலை ஓரத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள் வெகுவாகக் குறைந்துவிடும். என்95 முகக்கவசம் முகத்தோடு இடைவெளி இல்லாமல் பொருந்தினால் துகள்களைத் தடுக்கும், ஆனால் மூச்சுவிடக் கொஞ்சம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். ஆஸ்துமாக்காரர் அதை அணிந்து வேகமாக நடக்கலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். துணி முகக்கவசம் இதற்கு உதவாது.

மகனின் மாலைப் பயிற்சிக்குக் கணக்கு தலைகீழ். வெயில் கொளுத்தும் மாதங்களில் பிற்பகலில் நுண்துகள் குறைவாக இருக்கும்போது ஓசோன் உச்சத்துக்குப் போகும். ஓசோனை எந்தப் புகைபோக்கியும் நேராக விடுவதில்லை. வாகனங்களும் ஆலைகளும் விடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும், கரைப்பான், பெட்ரோல் ஆவி போன்றவையும் வெயிலில் வினைபுரிந்து அது உருவாகிறது. விந்தை என்னவென்றால், நெரிசலான சாலையின் ஓரத்தில் அது குறைவாகவும், ஊருக்கு வெளியே பசுமையான மைதானத்தில் அதிகமாகவும் இருக்கலாம். சாலையில் புதிதாக வரும் நைட்ரிக் ஆக்சைடு ஓசோனை அங்கேயே தின்றுவிடுகிறது. ஓசோன் ஒரு வாயு என்பதால் என்95 அதைத் தடுக்காது. உங்கள் செயலி நுண்துகளை மட்டும் காட்டினால் இதை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 8 மணிநேர வரம்பு 100 மைக்ரோகிராம். கோடையில் அதைத் தாண்டும் என்று முன்னறிவிப்பு வந்தால், ஓட்டப் பயிற்சியை வெயில் தாழ்ந்த பிறகோ காலையிலோ வைக்கச் சொல்லிப் பயிற்சியாளரிடம் கேளுங்கள். நல்ல செய்தி, ஓசோன் முன்னறிவிப்பு நுண்துகள் முன்னறிவிப்பைவிடக் கொஞ்சம் நம்பகமானது, ஏனென்றால் வெயிலையும் வெப்பத்தையும் கணிப்பது எளிது. இது என் அனுபவம், எல்லா ஊருக்கும் இதே அளவில் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

கடைசியாக ஒன்று, முடிந்தால் செய்யுங்கள். அடுத்த மூன்று வாரம் ஒரு நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: முந்தைய இரவு முன்னறிவிப்பு சொன்னது, காலை 6 மணிக்கு நிலையம் காட்டியது, எதிர்வீட்டுக் கருவி காட்டியது, அன்று அம்மாவுக்கு மூச்சு எப்படி இருந்தது. மூன்று வாரத்தில் அந்தக் கருவி எவ்வளவு கூட்டிச் சொல்கிறது, செயலி எந்த மாதிரி நாளில் தவறுகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். நான்காவது பத்தியை அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது எடுத்துப் போங்கள். எந்த அளவில் அம்மாவுக்கு இழுப்பு தொடங்குகிறது என்பது எந்த அட்டவணையிலும் இல்லை, அந்த நோட்டில் மட்டும்தான் இருக்கும்.